3 கிலோ சுமை தோளில் 4.6 கிலோ ஆவது எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்கும் போனால், கேமராவும் முக்காலியுமாகச் சுற்றும் மாணவர்களைப் பார்க்கலாம். பள்ளிப் புகைப்படக் கழகத்தின் புறப்பாட நடவடிக்கையாக வந்திருப்பார்கள். காலை பத்து மணிக்குத் தோளில் கம்பீரமாக ஏறும் முக்காலி, மதியம் ஒரு மணிக்குள் கைமாறத் தொடங்கிவிடும். "நீ கொஞ்ச நேரம் தூக்குடா" என்ற குரல் கேட்கும். மாலையில், விளக்கு அலங்காரத்தைப் படம் எடுக்க முக்காலி உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில், அதைத் தூக்கி வந்தவர் சோர்ந்துபோய் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

இரவு விளக்குகளைத் தெளிவாக எடுக்க ஒரு விநாடி, இரண்டு விநாடி நேரம் கேமரா அசையாமல் இருக்க வேண்டும். கையால் அது முடியாது. அதனால் முக்காலியை வீட்டில் விட்டுவிட்டு வருவது தீர்வாகாது. அதைத் தூக்கும் முறையில்தான் தீர்வைத் தேட வேண்டும். படிவம் 2 அறிவியலில் மலாய்மொழியில் 'மோமென் டாயா' என்று படித்திருப்பீர்களே, தமிழில் அதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். இன்று அதையே தோளில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு வியப்பான கணக்கு. முக்காலி 2 கிலோகிராம், கேமரா 1 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை சுமார் 30 நியூட்டன். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் நாலைந்து செண்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. 4 செண்டிமீட்டர் என்று கொண்டால், ஓர் அடிக்கு இந்தச் சுமையை உயர்த்தச் செய்யும் வேலை 30 × 0.04 = 1.2 ஜூல். ஐயாயிரம் அடி நடந்தால் 6,000 ஜூல். நம் தசைகள் உணவு ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே உடல் செலவிடுவது 24,000 ஜூல், அதாவது சுமார் 6 கிலோ கலோரி. ஒரு கறிபாப்பில் இதைப்போலப் பல மடங்கு ஆற்றல் இருக்கிறது!

அப்படியானால் தோள் ஏன் இவ்வளவு வலிக்கிறது? ஆற்றல் தீர்ந்துபோவதால் அல்ல. சில தசைகள் விடாமல் இறுகிக்கொண்டே இருப்பதாலும், சில சதுர செண்டிமீட்டர் தோலின் மேல் மொத்தச் சுமையும் விழுவதாலும் வலிக்கிறது. சுமை எவ்வளவு என்பதைவிட அது உடலில் எங்கே, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம்.

பலர் செய்வது இதுதான். முக்காலியின் கால்களைப் பாதி நீட்டி, கேமராவைக் கழற்றாமல், மண்வெட்டியைச் சாத்துவதுபோலத் தோளில் சாத்திக்கொள்வார்கள். கேமரா முதுகுப் பக்கம், கால்கள் முன்பக்கம். முழு நீளம் 120 செண்டிமீட்டர் என்று கொள்வோம். முக்காலியின் எடை முழுவதும் அதன் தலையிலிருந்து 50 செண்டிமீட்டரில் குவிந்திருப்பதாகவும், கேமரா தலையிலேயே இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம், அதாவது நீங்கள் படிக்கும் 'பூசாட் கிராவிட்டி', எங்கே இருக்கும்?

(2 × 50 + 1 × 0) ÷ 3 = 33 செண்டிமீட்டர். தலையிலிருந்து 33 செண்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கண்ணளவில் நடுப்பகுதியைப் பார்த்து, 60 செண்டிமீட்டரில் தோளை வைக்கிறோம். அப்போது ஈர்ப்பு மையம் தோளுக்குப் பின்னால் 27 செண்டிமீட்டரில் தொங்குகிறது. திருப்புத்திறன் 30 × 0.27, ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். கேமரா பின்னால் சரியாமல் இருக்க, முன்னால் உள்ள கால்களைக் கையால் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். கை தோளிலிருந்து 50 செண்டிமீட்டர் முன்னால் இருந்தால், இழுக்க வேண்டிய விசை 8 ÷ 0.5 = 16 நியூட்டன்.

இப்போது தோளைக் கேளுங்கள். பின்னாலிருந்து 30 நியூட்டன் கீழே அழுத்துகிறது. முன்னாலிருந்து கை 16 நியூட்டன் கீழே இழுக்கிறது. தோள் தாங்குவது 46 நியூட்டன்! கடையில் வாங்கும்போது 3 கிலோவாக இருந்தது தோளில் 4.6 கிலோ ஆகிவிட்டது. கூடுதல் 1.6 கிலோவை ஏற்றியது நம் கையேதான். நெம்புகோலைப் பற்றிப் பாடத்தில் படிக்கும்போது அது நமக்கு உதவும் கருவியாகவே வரும். இங்கே அதே நெம்புகோல் நமக்கு எதிராக வேலை செய்கிறது.

தோளை 33 செண்டிமீட்டர் புள்ளிக்கு நகர்த்தினால் போதும். கை இழுக்க வேண்டியதில்லை, மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. தோளுக்கு 30 நியூட்டன் மட்டும்தான்.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க அளவுகோல்கூட வேண்டாம். வீட்டில் நீண்ட கைப்பிடித் துடைப்பத்தை எடுத்து, இரண்டு ஆள்காட்டி விரல்கள்மேல் கிடையாக வையுங்கள். விரல்களை மெதுவாக ஒன்றையொன்று நோக்கி நகர்த்துங்கள். எங்கே தொடங்கினாலும் இரு விரல்களும் ஈர்ப்பு மையத்தின் அடியில்தான் சந்திக்கும். ஈர்ப்பு மையத்துக்கு அருகில் உள்ள விரல் அதிக எடையைத் தாங்குகிறது. அதனால் அங்கே உராய்வு கூடி, அந்த விரல் நின்றுவிடும். தூரத்தில் உள்ள விரல் மட்டும் வழுக்கி வரும். அது நெருங்கியதும் நிலைமை மாறி, மற்ற விரல் நகரத் தொடங்கும். முக்காலிக்கு விரல்களுக்குப் பதில் இரண்டு கைகளைப் பயன்படுத்துங்கள். கீழே மெத்தை இருக்கட்டும், கேமராவை மாட்டி வைத்துச் சோதிக்க வேண்டாம். கைகள் சந்திக்கும் இடத்தில் வண்ண ஒட்டுத்தாள் சுற்றிவிடுங்கள். கையில் தூக்கினாலும் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய அறிவு அல்ல. 'காவுதல்' என்றால் தோளில் சுமத்தல். 'கா' என்பது இரு முனையிலும் சுமை தொங்கும் தண்டுக்குப் பழந்தமிழ்ப் பெயர். காவடி என்ற சொல் அதிலிருந்து வந்தது. இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிய கதையைப் பத்துமலையில் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டிலேயே இன்னொரு சாட்சி உண்டு. நாசி கண்டார் என்ற பெயரில் இருக்கும் 'கண்டார்', தோள் தண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? தேவையில்லை. ஒரு பக்கம் 12 கிலோ, மறு பக்கம் 8 கிலோ, தண்டு 150 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோ பக்கத்திலிருந்து 60 செண்டிமீட்டரில் தோள் இருந்தால், 12 × 60 = 720. மறுபக்கம் 8 × 90 = 720. சமநிலை கிடைத்துவிட்டது. சோறு விற்று எடை குறையக் குறைய, தோள் வைக்கும் இடத்தைச் சற்றே நகர்த்தினால் போதும். அந்த வணிகர் எந்தப் படிவத்திலும் திருப்புத்திறன் படித்திருக்கமாட்டார். தோள் கற்றுக்கொடுத்திருக்கும்.

புகைப்படச் சுமைக்கும் இந்தப் பகுதியில் பழைய வரலாறு உண்டு. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் படம் எடுத்தார். அப்போது படம் கண்ணாடித் தகட்டில் விழும். ரசாயனம் பூசிய தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனக் குப்பிகள், இருட்டுக் கூடாரம் எல்லாமே கூடவே போக வேண்டும். மெட்ராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி உதவியாளர்களாக வைத்துக்கொண்டதைத் தாம்சன் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அதோடு ஒப்பிட்டால் நம் 3 கிலோ ஒன்றுமே இல்லை.

சரி, ஈர்ப்பு மையத்தில் தோளை வைத்தாயிற்று. பிரச்சினை தீர்ந்ததா? காலியான சாலையில் தீர்ந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் முக்காலியை இப்படிச் சமன்செய்து தோளில் வைத்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சட்டென்று திரும்பினேன். முக்காலியின் கால்கள் எதன்மேலோ மோதின. பார்த்தால், வெள்ளைக் கைத்தடியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் தடி கீழே கிடந்தது. இன்னும் ஒரு முழம் நெருங்கியிருந்தால் முகத்தில் பட்டிருக்கும். "என்ன தம்பி, கையிலே நீளமா ஏதோ வச்சிருக்கீங்களா?" என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தடியை எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்று முழுவதும் எனக்குப் படம் எடுக்கவே தோன்றவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 33 செண்டிமீட்டரில் தோளை வைத்தால் முன்னால் 87 செண்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அரை விநாடியில் கால்வட்டம் திரும்பினால், அந்த முனை கடக்கும் தூரம் ஏறத்தாழ 1.37 மீட்டர். வேகம் விநாடிக்கு 2.7 மீட்டர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகத்தைப்போல இரு மடங்கு! நாம் நின்ற இடத்தில்தான் திரும்புகிறோம், ஆனால் முனை ஓடுகிறது. சுழலும் பொருளில் மையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகமும் கூடும் என்பதன் விலை அது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அன்றாடம் நடக்கும் சாலைகள் அவை. நடைபாதையில் மேடுகளோடு பதித்திருக்கும் மஞ்சள் கற்கள் அவர்கள் காலாலும் தடியாலும் வழியறிவதற்காக. தடி தரையில் இருப்பதைச் சொல்லும். தோள் உயரத்தில் கிடையாக வரும் உலோகக் குழாயைச் சொல்லாது. ஆகவே கூட்டத்தில் முக்காலியைத் தோளில் சாத்துவதே வேண்டாம் என்பது என் முடிவு. மஞ்சள் கற்கள்மேல் முக்காலியை விரித்து நிறுத்துவதும் கூடாது.

கூட்டத்தில் முக்காலியை முழுதாக மடக்குங்கள். கேமராவைக் கழற்றிக் கழுத்திலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை முக்காலியோடு பிடித்திருப்பது கால் அங்குலத் திருகாணி ஒன்றுதான். நடக்கும் ஒவ்வோர் அடியும் அதை ஆட்டித் தளர்த்தும். மடக்கிய முக்காலி 60 செண்டிமீட்டர்தான் இருக்கும். அதை உடலை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்தால், நீங்கள் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் முனை எங்கும் போகாது.

ஆனால் ஒரே கையில் நெடுநேரம் தொங்கவிடாதீர்கள். 20 நியூட்டன் எடை முதுகுத்தண்டிலிருந்து 30 செண்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் திருப்புத்திறன் 6 நியூட்டன் மீட்டர். உடல் சாயாமல் இருக்க முதுகின் மறுபக்கத் தசைகள் எதிர்த்து இழுக்க வேண்டும். அவை முதுகுத்தண்டுக்கு மிக அருகில் இருப்பவை. 5 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அவை இழுக்க வேண்டிய விசை 6 ÷ 0.05 = 120 நியூட்டன். கையில் இருப்பது 2 கிலோ, முதுகுக்கு அது 12 கிலோ. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை மாற்றுவது சோம்பேறித்தனம் அல்ல.

நெடுநேரம் நடப்பதற்குப் பைதான் நல்லது. முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில் முக்காலியை நிறுத்தி, மேல் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். நடுக்கோட்டிலிருந்து 18 செண்டிமீட்டரில் 20 நியூட்டன் என்றால் திருப்புத்திறன் 3.6. மறுபக்கப் பையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் வைத்தால் 15 × 0.18 = 2.7. மிச்சம் 0.9 மட்டுமே. மறுபடியும் காவடிதான். மதியத்துக்குள் பாதித் தண்ணீரைக் குடித்துவிடுவீர்கள். அப்போது கேமராவையோ வில்லையையோ போத்தல் பக்கம் நகர்த்துங்கள்.

பையில் இடுப்புப் பட்டை இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள், அலங்காரத்துக்காகத் தைத்தது அல்ல அது. தோளில் விழும் எடையின் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு இறக்கிவிடும். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பெரிய காவடிகளைக் கவனியுங்கள். அந்தச் சட்டங்கள் தோளில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, இடுப்பிலும் பட்டையால் கட்டப்பட்டிருக்கும்.

அழுத்தத்தையும், அதாவது 'தெக்கானான்' என்பதையும், ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முக்காலிக் குழாய் தோளைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர செண்டிமீட்டர் என்றால், 30 நியூட்டனுக்கு அழுத்தம் 30,000 பாஸ்கல். தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் 4,000 பாஸ்கல் அளவில்தான் இருக்கும். வெளியழுத்தம் அதை மீறி நெடுநேரம் நீடித்தால் இரத்த ஓட்டம் தடைபடும். மரத்துப்போவதும் சிவந்த தடம் விழுவதும் அதனால்தான். ஒரு 'குட் மார்னிங்' துண்டை நாலாக மடித்து இடையில் வைத்தால், தொடும் பரப்பு 50 சதுர செண்டிமீட்டர் ஆகலாம். அழுத்தம் 6,000 பாஸ்கலாக இறங்கிவிடும். தலைச்சுமைக்கு நம் பாட்டிமார் சும்மாடு கட்டினார்களே, அதே அறிவியல். நிரந்தரச் சும்மாடு வேண்டுமென்றால், ஹார்டுவேர் கடையில் குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாய் மலிவாகக் கிடைக்கும். நீளவாக்கில் கீறி முக்காலிக் காலில் பொருத்திவிடலாம். அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்தும். வெயிலில் காய்ந்த அலுமினியக் காலைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்வதும் இதனால் நின்றுவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸை முடித்துக்கொண்டு, கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வசதியைவிட உயிர் பெரிது. கொமுட்டர் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. இவ்வளவு உயர் அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்றில்லை, அருகில் போனாலே காற்றைத் தாண்டி மின்சாரம் பாயும். அலுமினியம் மின்கடத்தி என்பது தெரியும். கார்பன் இழை முக்காலியும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடைமேடையில் முக்காலியை நீட்டவோ தலைக்கு மேல் உயர்த்தவோ கூடவே கூடாது. ரயிலுக்குள் முதுகுப்பையைக் கழற்றி, முக்காலியைக் கால்களுக்கிடையே செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பையின் அடியில் கிடையாகக் கட்டியிருந்தால், கதவருகே நிற்பவரின் இடுப்பை இடிக்காமல் இறங்க முடியாது.

கிள்ளானில் கூட்டமில்லாத நடை கிடைக்கும் இடம் பழைய கோத்தா பாலம். இரண்டு தளம் கொண்ட அந்தப் பாலத்தின் கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் அமைந்தது. முன்னும் பின்னும் யாருமில்லை என்றால், ஒட்டுத்தாள் சுற்றிய புள்ளியில் துண்டை வைத்து, முக்காலியைத் தோளில் ஏற்றிப் பார்க்கலாம். கை இழுக்கிறதா, சும்மா தொடுகிறதா என்பது பத்தே அடியில் தெரிந்துவிடும். தெங்கு கெலானா சாலைக்குள் நுழையுமுன் மறுபடி மடக்கிவிடுங்கள். மாலையில் இடி கேட்டால், திறந்த வெளியில் முக்காலியை நிறுத்திக்கொண்டு நிற்க வேண்டாம். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கு. முதுகுப்பை, உடல் எடையில் பத்திலொரு பங்கு முதல் பதினைந்து விழுக்காடு வரைதான் இருக்கலாம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். 45 கிலோ எடையுள்ள மாணவருக்குப் பத்திலொரு பங்கு 4.5 கிலோ. முக்காலி 2, கேமரா 1, தண்ணீர் 1.5. கூட்டிப் பாருங்கள். பையின் சொந்த எடையும் நாசி லெமாக் பொட்டலமும் இன்னும் கணக்கில் வரவில்லை. நாலு பேர் போகும் குழுவுக்கு நாலு முக்காலி தேவையா என்று கிளம்புமுன் பேசிக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு முக்காலி 1.5 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தலையிலிருந்து 40 செண்டிமீட்டரில் இருக்கிறது. தலையில் 0.9 கிலோ கேமரா மாட்டியிருக்கிறது. தோளை எங்கே வைப்பீர்கள்? (விடை: தலையிலிருந்து 25 செண்டிமீட்டரில்.)

2. துடைப்பத்தின் ஒரு முனையில் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டுங்கள். போத்தல் முதுகுப் பக்கம் வருமாறு துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, வீட்டில் உள்ள எடை பார்க்கும் கருவியில் ஏறி நில்லுங்கள். தோளை ஈர்ப்பு மையத்தில் வைத்து ஒரு முறையும், நடுவில் வைத்து முன்முனையைக் கையால் இழுத்துப் பிடித்து ஒரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தோளுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். கருவி என்ன காட்டுகிறது? கையின் இழுவிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படம் வரைந்தால் காரணம் புலப்படும்.